முழங்காலளவு தண்ணீர்

“என் அடுப்பு மேல புல்லு வரைஞ்சு மூடிட்டீங்க. இனிமே இங்க வெள்ளம் வந்துச்சுன்னு நான் சொன்னா எவ நம்புவா?”

அல்லிக்குளம் நகர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பூங்கோதை போட்ட சண்டையின் முதல் வரி இது. ஏன் போட்டாள் என்று சொல்கிறேன். கவனமாக வாசியுங்கள், இரண்டாம் முறை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

தெருவின் பின்னால் இருந்த ஏரியில் மண் கொட்டி, செம்பரிதி ஹோம்ஸ் அடுக்குமாடி கட்டுகிறது. அதே நிறுவனத்துக்குத் திடீரென்று பூமி சூடாவதைப் பற்றிக் கவலை வந்தது. தெருமுனைச் சுவரில் பருவநிலை விழிப்புணர்வு ஓவியம், செலவு எங்களுடையது என்றார்கள். ஒரே நிபந்தனை: படத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டக் கூடாது. வீடு வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்களாம்.

ஓவியன் இன்பராஜ் பூங்கோதையின் சமையலறையைப் பார்க்க வந்தான். வெள்ளம் விட்டுப்போன கறை சுவரில் நாலேகால் அடி உயரத்தில் இருந்தது. அன்று சமையல் மேடை மேல் ஏறி நின்றுதான் அவள் பிழைத்தாள். பக்கத்து வீட்டு வத்சலாவையும் கைகொடுத்து மேலே தூக்கினாள். மேடை மேலேயே முழங்கால் வரை தண்ணீர். ஆறு மணி நேரம்.

“என்னையே வரைஞ்சுக்கோ தம்பி. ஆனா கோடு இந்தக் கறை மட்டத்துலதான் இருக்கணும்.”

“இருக்கும்க்கா. சத்தியமா.”

கெட்டிக்காரன். தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் பிடித்து, தெருமுனைச் சுவரில் அதே உயரத்தில் நீர்க்கோடு போட்டான். ஆளுயரப் பூங்கோதையைச் சமையல் மேடை மேல் நிறுத்தினான். அவள் காலடியில் முழுகிய அடுப்பு. நிபந்தனைக்கு முழங்காலளவு, பக்கத்தில் போய் நிற்கிறவர்களுக்கு மார்பளவு.

அந்த நம்பிக்கையில் பூங்கோதை, நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்த பெயின்டைப் பொங்கலுக்குச் சமையலறையில் அடித்தாள். கறை போயிற்று.

மறுவாரமே நிறுவனம், “அடுப்பு எதுக்கு? பசுமையா இருக்கட்டும்” என்றது. மாற்றத்துக்குச் சங்கச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். செயலாளர் வத்சலா. வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், போட்டுக் கொடுத்தாள். இன்பராஜ் கோட்டைத் தொடவில்லை. மேடையும் அடுப்பும் மறைய, பூங்கோதையின் பாதம் வரைக்கும் மண்ணும் புல்லும் வரைந்து, நடுவில் நிறுவனத்தின் பெயரை எழுதினான். ஏரியையே மேடாக்கியவர்களுக்குச் சுவரில் தரையை உயர்த்துவதா கஷ்டம்? இப்போது படத்தில் அவள் புல்வெளி ஓடையில் கால் நனைக்கிறாள், பிக்னிக் போன மாதிரி.

கூட்டத்தில் நிறுவன அதிகாரி சொன்னார்: “நாங்க யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே மேடம்.”

இன்பராஜ்: “கோடு சொன்ன இடத்துலதான்க்கா இருக்கு. அளந்து பாருங்க.”

வத்சலா: “தெரு பேரு கெடக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன், பூங்கோதை.”

இந்த மூவரில் பூங்கோதைக்குத் துரோகம் செய்தவர் யார்?

விடை: நிறுவனம் என்றால் பாதி மார்க் கூடக் கிடையாது, அதை அவள் எப்போது நம்பினாள்? இன்பராஜ் சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு மிச்சத்தை விட்டுக்கொடுத்தவன். ஆனால் அந்தத் தண்ணீரில் அவன் நின்றதில்லை. கறை அழிந்த பிறகு மிஞ்சிய சாட்சி, அன்று மேடையில் அவள் பக்கத்தில் நின்றவள் மட்டும்தான். பூங்கோதையும் அங்கேதான் வந்து சேர்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

“வத்சலாக்கா, அந்தச் சுவர்கிட்ட ஒரு தடவை வந்து நில்லுங்க. தண்ணி உங்களுக்கு எது வரைக்கும் வந்துச்சுன்னு கைய வச்சுக் காட்டுங்க. அது போதும்.”

வத்சலா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.