ஆவுளியாவின் மூச்சு

“எவ்வளவு மெல்லப் போனாலும் விலகிப் போயிடுதே டீச்சர்?” என்று கேட்டார் குலசேகரன்.

ஆவுளியாவைத்தான் சொன்னார். கடற்புல் மேய்ந்து, மூச்சுவிட மட்டும் மேலே வரும் அந்தப் பெரிய, சாதுவான உயிரை வெளியூர்க்காரர்கள் கடல்பசு என்பார்கள்.

குலசேகரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கப்பல் வேலையை விட்டுவிட்டு, சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் தொழிலைப் படிக்க இந்தத் தீவுக்கு வந்திருந்தார். சொல்லிக்கொடுத்த ஜெபமாலை அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

மறுநாள் எட்டுப் பேர் வருகிறார்கள். ஆவுளியாவைக் கை எட்டும் தூரத்தில் காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஜெபமாலை அவரையும் வரச் சொன்னாள். துடுப்பை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள்.

அன்று காற்றே இல்லை. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூன்று ஆள் ஆழத்தில் புல்வெளி அசைந்துகொண்டிருந்தது.

சிலிண்டர் வேண்டாம் என்றாள். மூச்சடக்கி இறங்கி, புல்லைத் தொட்டுவிட்டு வரச் சொன்னாள்.

இறங்கினார். எங்கும் பச்சை வெளிச்சம். தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

புல்லைத் தொட்டார். மேலே பார்த்தார்.

நேர் மேலே ஜெபமாலை குப்புற மிதந்துகொண்டிருந்தாள்.

இடப்பக்கம் ஒதுங்கி எழுந்தார். அவளும் அங்கே வந்தாள். வலப்பக்கம் திரும்பினார். அங்கேயும் வந்தாள். முகத்தில் பிரியம்தான் இருந்தது. ரொம்ப தூரத்திலிருந்து பார்க்க வந்தவளைப்போல, கண் எடுக்காமல் பார்த்தாள்.

நெஞ்சு எரிந்தது. கையை உதறினார்.

அவள் சட்டென்று விலகினாள்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

“ஏன் மறிச்சீங்க?”

“மறிக்கல அண்ணே. கிட்டக்க பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

குலசேகரன் குனிந்து கீழே புல்வெளியைப் பார்த்தார். பிறகு வள்ளத்தில் ஏறி, கரைவரை தானே துடுப்புப் போட்டார்.

மறுநாள் ஜெபமாலை வரவில்லை. எட்டுப் பேரையும் அவரே அழைத்துப்போனார்.

புல்வெளிக்கு வெகுமுன்பே துடுப்பை வள்ளத்துக்குள் இழுத்து வைத்தார். அருகில் காட்டுவதாகச் சொன்னது தன் தப்பு என்றார். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர், இதற்காகவா இரண்டு நாள் பயணம் செய்தோம் என்று கேட்டார். குலசேகரன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஓய்ந்தது.

வள்ளம் இருந்த இடத்திலேயே மிதந்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள்.

தூரத்தில் தண்ணீர் விலகியது. நீளமாக ஒரு மூச்சு.

அதை ஒட்டியே இன்னொன்று, சின்னதாக.

“குட்டியும் இருக்கா?” என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

இத்தனை நாளும் அதன் பின்னாலேயே போன குலசேகரனுக்கு, அப்போதுதான் குட்டி இருப்பது தெரிந்தது.