கீழே வந்தவர்

"இதனால யாருக்கு என்ன கெடுதல்?" என்று பலரும் கேட்கிற கேள்வியைத்தான் பிரபாவதியும் கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய சௌந்தரவல்லிக்குத்தான் குரல் இல்லை.

சினிமாவில் கதாநாயகிகளுக்கு டப்பிங் பேசியே தலை நரைத்தவள் சௌந்தரவல்லி. திரையில் யார் யாரோ அழுதார்கள், சிரித்தார்கள், சத்தம் அவளுடையது. போன வருடம் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இப்போது ஒரு துளை. அதை மறைத்து ஒரு மெல்லிய துணி.

அவளிடம் தொழில் கற்றவள் பிரபாவதி. திரையில் அசைகிற உதட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே சௌந்தரவல்லிதான். அதனால் இருவருக்கும் இடையில் பேச்சு நிற்கவில்லை. குரு சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள். சிஷ்யை படித்துக்கொள்வாள்.

அன்று மத்தியானம் பிரபாவதி குருவின் சாலிகிராமம் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. செல்போனை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இதைக் கேளுங்க."

"மழை விட்டதும் கிளம்பிடலாம்" என்றது போன்.

சௌந்தரவல்லியின் குரல். வாக்கியத்தின் நடுவில் லேசாக மூச்சு வாங்குகிற பழக்கம்கூட அப்படியே இருந்தது. அவள் ஒருநாளும் பேசியிராத வசனம்.

சௌந்தரவல்லியின் கை கழுத்துத் துணிக்குப் போனது.

"ஒரு கம்பெனியில செஞ்சிருக்காங்கக்கா. நீங்க பேசின படத்தையெல்லாம் நான்தான் தேடிக் கொடுத்தேன். ஏஐ கேட்டுக் கேட்டுக் கத்துக்கிச்சு. இனிமே எதை எழுதினாலும் உங்க குரல்ல பேசும். சீரியலுக்குக் கேக்கறாங்க."

'என்னைக் கேட்கலையே' என்றது உதடு.

"அதான் இப்பக் கேக்க வந்திருக்கேன். உங்க குரல் போச்சேன்னு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? திரும்பி வந்திருக்குக்கா. இதனால யாருக்கு என்ன கெடுதல்?"

குரு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் திகைத்திருக்கிறாள் என்று பிரபாவதி நினைத்துக்கொண்டாள்.

சௌந்தரவல்லியின் கணவர் தனகோடி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"மாமாவுக்கும் காட்டுவோமா? இருங்க."

பிரபாவதி குனிந்து போனில் எழுதத் தொடங்கினாள். 'வேண்டாம்' என்று உதடு அசைந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சௌந்தரவல்லி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். எட்டவில்லை. அவளுடைய குரலில் போன் உரக்கக் கூப்பிட்டது.

"என்னங்க! கொஞ்சம் கீழ வாங்களேன்!"

படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார் தனகோடி. கையெல்லாம் ஈரம். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"சௌந்தரா! பேசிட்டியா? பேச்சு வந்துடுச்சா?" மனைவியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி கூப்பிடு. கூப்பிடேன்!"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவருக்குப் புரியவில்லை. திரும்பிப் பிரபாவதியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். பிறகு புரிந்தது. மனைவியின் கன்னத்தில் பட்டிருந்த ஈரத்தைத் தன் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமா, நான் சும்மா..."

"பரவால்லம்மா." கையை நீட்டிப் போனைக் காட்டினார். "அதை இன்னொரு வாட்டி போடு."

பிரபாவதி குருவைப் பார்த்தாள். குரு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டாள்.

"என்னங்க! கொஞ்சம் கீழ வாங்களேன்!"

"வந்துட்டேம்மா" என்றார் தனகோடி, போனைப் பார்த்து. இன்னும் கொஞ்சம் அதன் பக்கம் குனிந்துகொண்டார். மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

போனில் சத்தம் இல்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.

பிரபாவதி எழுந்து குருவிடம் வந்தாள். "அக்கா, இப்ப நான் என்ன செய்யட்டும்?"

சௌந்தரவல்லி அவள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் தப்பாமல் போய்ச் சேரும்படி நிதானமாக உதட்டை அசைத்தாள்.

'கூப்பிட்டது நீ. அவரும் வந்துட்டார். எதுக்குக் கூப்பிட்டேன்னு அவர்கிட்டச் சொல்லு.'