வெளாவுன தண்ணி

ஒரு ஊர்ல ஒரு கெணறு இருந்துச்சாம். ராசா ராணியெல்லாம் இந்தக் கதைல கெடையாது, கெணறுதான். ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன். ஆங்.

அந்தக் கெணத்துத் தண்ணி அவ்ளோ தெளிவு, அடில கெடக்குற கல்லு கூடத் தெரியும். ஆனா ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போகுது. பேச்சியக்கா மகன் அழகுமணிக்கு ரெண்டு வயசு. துவண்டு போய் அம்மா தோள்லயே கெடக்கான். அப்போ டவுன்லேருந்து திலகான்னு ஒரு பொண்ணு வந்தா. தண்ணிய சோதிக்கிறதுதான் அவ வேலை. சோதிச்சுப் பார்த்தா, ஒரே கிருமி!

மொத நாள் ஊரைக் கூட்டி, செவத்துல படம் போட்டு, கோடு கோடா, நம்பர் நம்பரா ஒரு மணி நேரம் பேசினா. கொர்ர்... கொர்ர்... பாதிப் பேரு தூங்கிட்டாங்க, உன்ன மாதிரியே.

அப்புறம் ரெண்டாம் நாள் ஆட்டோல மைக்கக் கட்டிக்கிட்டு, "கிருமி! ஆபத்து! தண்ணியக் காய்ச்சிக் குடிங்க!"ன்னு கத்தினா. கொய்ங்ங்! ஊரே பயந்து போய், வீட்டுக்கு வீடு தளபுளன்னு காய்ச்சினாங்க. நாலு நாள் ஆச்சு. வயித்தால போறது நிக்கவே இல்ல. "நீ சொன்னதத்தான செஞ்சோம்? போம்மா, நீயும் உன் படிப்பும்!"னு ஏசிட்டாங்க. திலகாவுக்கு அழுகையே வந்துருச்சு. எனக்கும் அவளை நெனச்சா பாவமாத்தான் இருக்கு.

முழிச்சிருக்கியா? ம்... சரி.

மூணாந்தடவை படமும் எடுக்கல, மைக்கும் எடுக்கல. நேரா பேச்சியக்கா வீட்டுல போய் உக்காந்து, "அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க"ன்னா. அக்கா கோவக்காரிதான். ஆனா வீடு தேடி வந்தவளுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லுவாளா? காய்ச்சின தண்ணிய செம்புல மொண்டா. ஆவி பறக்குது. இத எப்படிக் குடிப்பான்னு, பக்கத்துக் குடத்துலேருந்து பச்சத்தண்ணிய சளக்னு ஊத்தி, வெளாவிக் குடுத்தா.

"அக்கா! புள்ளைக்கும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

"பின்ன? வாய் வெந்துராதா?"

திலகா தலைல அடிச்சுக்கிட்டா. காய்ச்சச் சொன்னாளே தவிர, ஆற வைக்கணும், பச்சத்தண்ணி கலக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்ல! "தப்பு என்மேலதான்க்கா"ன்னா.

"ஒரு வாய் பச்சத்தண்ணில என்னம்மா ஆயிரும்?"

திலகா நீளமா ஒண்ணு சொல்ல வாயத் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. கொஞ்சம் யோசிச்சு, "காய்ச்சின பால்ல ஒரு சொட்டு மோர் விட்டா என்னக்கா ஆகும்?"

"விடிஞ்சா சட்டி முழுக்கத் தயிரு." சொல்லிட்டு அக்கா அப்படியே நின்னுட்டா. "அடியாத்தீ! எம்புள்ளைக்கு நானே உறை ஊத்திருக்கேனே!"

சளார்! செம்புத் தண்ணி வாசல்ல. அக்கா தெருவுல எறங்கிட்டா. "ஏ புள்ளைகளா, காய்ச்சி, மூடி, ஆற வச்சுக் குடுங்கடி! உறை ஊத்திறாதீங்க!" வீடு வீடா அக்கா சொல்லச் சொல்ல, திலகா பேசாம பின்னாடியே நடந்தா.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, ஒரு மத்தியானம், அழகுமணி அம்மா தோள்லேருந்து வழுக்கி எறங்கி, திடுதிடுன்னு அடுப்படிக்கு ஓடினான். சட்டிய டங்குடங்குன்னு தட்டி, "சோறு!"ன்னான். பேச்சியக்கா சிரிச்சுக்கிட்டே அழுதா.

அவ்ளோதான் கண்ணு. கதை படுத்துருச்சு, நீயும் படு.