ஐஸ் பெட்டி நின்ற வீடு

வறுமையை ஒழிக்கப் பிறந்த ஒரு திட்டம், வறுமை சற்றே விலகத் தொடங்கியதும் சினங்கொண்டு, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட கதை இது. கேட்டுவிட்டு, நியாயம் யார் பக்கம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சிலுவைத்துறை என்னும் கடற்கரை ஊரில் அமலோற்பவம், திரவியம், ரொசாலி என்னும் மூன்று பெண்கள் மீன் விற்றுப் பிழைத்தார்கள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுப்பார்கள். கூடையைச் சுமந்துகொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் பேருந்து ஏறுவார்கள். விற்காத மீனை மொத்த வியாபாரியின் ஐஸ் லாரி பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளும். வியாழக்கிழமைதான் பெருங்கொடுமை. வெள்ளியன்று அவ்வூர்களில் எவரும் மீன் சமைப்பதில்லை. ஆகையால் வியாழன் மாலையில் மிஞ்சிய மீனுக்கு வியாபாரியின் வாயில் வந்ததே விலை. ஐஸ் அவரிடம் இருந்தது. மீன் இவர்களிடம் கெட்டுக்கொண்டிருந்தது.

இந்நிலையில், ஏழைக் குடும்பத்துப் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ‘வாழ்வாதாரத் தொகை’ செலுத்தும் திட்டம் வந்தது. ‘இதனையே முதலாக்கி முன்னேறுங்கள்’ என்று மேடைதோறும் முழங்கினார்கள். மூவரும் அச்சொல்லை நம்பினார்கள். ஓராண்டுத் தொகையைத் தொடாமல் சேர்த்து, மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடும் பழைய ஐஸ் பெட்டியைச் சமபங்கிட்டு வாங்கினார்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? திரவியமும் ரொசாலியும் ஓலைக் குடிசையில் வாழ்ந்தவர்கள். ஒற்றை விளக்குக்கென்று இழுத்த கம்பி பெட்டியைத் தாங்காது. அமலோற்பவத்தின் வீடு மட்டும் சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த காரை வீடு. ஆகவே பெட்டி அங்கே நின்றது; மின்கட்டணத்தை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதன்பின் வியாழக்கிழமை மீன் சனிக்கிழமை காலையில் முழு விலைக்கு விற்றது. ஐஸ் லாரி இவர்களைத் தேடி வந்து, வெறுமனே திரும்பிற்று.

பெட்டி வந்த ஆண்டிலேயே அமலோற்பவத்தின் கணவர் சவரிமுத்து படகிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அவருடைய மருந்துச் செலவை மாதந்தோறும் வந்த அத்தொகையே தாங்கியது. திடீரென ஒரு மாதம் அவளுக்குத் தொகை வரவில்லை; மறுமாதமும் வரவில்லை. மற்ற இருவருக்கும் தவறாமல் வந்தது. விசாரித்தபோது, கள ஆய்வாளர் இளம்பரிதி நேரில் வந்தார்.

“உங்க வீட்டு மின்நுகர்வு வரம்பைத் தாண்டிருச்சும்மா. தாண்டினா வசதியான குடும்பம்னு விதி.”

“வசதியா?” என்று சிரித்தாள் ரொசாலி. “பெட்டியைத் திறந்து பாருங்க சார். தங்கக்கட்டி கிடந்தா நீங்களே எடுத்துக்கிடுங்க. சாளை மீன்தான் கிடக்கு!”

இளம்பரிதி திறந்து பார்த்தார். பிறகு மூன்று வீடுகளின் மின்கட்டண அட்டைகளையும் வாங்கிக் கூட்டினார். “மூணு குடும்பமும் சேர்ந்து செலவழிச்சது, மூணு குடும்பத்துக்கு உள்ள வரம்புல பாதிகூட இல்ல. எனக்குப் புரியுதும்மா. ஆனா என் படிவத்துல ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர்தான்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க கொழுந்தன் கேரளாவுலதானே இருக்கார்? மீட்டரை அவர் பேருக்கு மாத்திட்டு, அவர் தனிக்குடும்பமா இங்க இருக்கார்னு எழுதிக் கொடுங்க. நான் கண்டுக்க மாட்டேன்.”

ரொசாலி மறுத்தாள். “பொய்யும் வேண்டாம், பொல்லாப்பும் வேண்டாம். பெட்டியை வித்துருவோம் யக்கா. மீட்டர் இறங்குனா பணம் தன்னால வரும்.”

“வித்துட்டு? மறுபடியும் அந்த லாரிக்காரன் மூஞ்சியில முழிக்கணுமா?” என்றாள் திரவியம். “பெட்டி நிக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் வாரதுல ஆளுக்குக் கொஞ்சம் தாரோம். அண்ணன் மருந்து நிக்கப்பிடாது.”

அமலோற்பவம் இளம்பரிதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்டுக்காம இருக்கதுக்கா சார் உங்களுக்குச் சம்பளம்? நல்லாக் கண்டுக்கிடுங்க. பெட்டி மூணு பேருக்கு உள்ளது. மீட்டரையும் மூணாப் பிரிச்சு எழுதுங்க.”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா.”

“இல்லன்னா, போடச் சொல்லி நான் மனுக் கொடுக்கேன்.”

“அவுக கட்டம் போடுறதுக்குள்ள அண்ணன் வேற பெட்டிக்குள்ள போயிருவாவ யக்கா,” என்றாள் ரொசாலி. சிரிக்க வாய் திறந்தவர்கள், உள்ளே சவரிமுத்து முனகியதும் அடங்கினார்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். அங்கே போனால் அமலோற்பவம் ஏதேனும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியை விற்றுவிட்டதாகவா, மீட்டர் கொழுந்தனுடையதென்றா, உள்ளது உள்ளபடியா? அல்லது ஒன்றும் சொல்லாமல், தோழியர் தருவதை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா?

வாசகர்களே, இந்நால்வருள் யார் சொன்னது சரி?

விடை: அமலோற்பவம் சொன்னதே சரி. பெட்டியை விற்றால் தொகை திரும்பும். அதனுடன் பழைய வியாழக்கிழமையும் திரும்பும். ஏழையாகவே நீடிப்பதற்கு மாதக்கூலி வாங்குவதைப் போன்றது அது. திரவியம் சொன்னது அன்பு. ஆயினும் ஆள்வோர் செய்த பிழைக்கு ஏழைகள் இருவர் தண்டம் செலுத்துவது எந்த நூலில் உள்ள நீதி? இளம்பரிதி இரக்கமுள்ளவர்தாம். ஆனால் விதி பிழையென்று தம் கையாலேயே கூட்டிக் கண்டறிந்தவர், அதை மேலிடத்துக்கு எழுதத் துணியவில்லை. ஏதுமற்றவளைப் பொய் சொல்லத் தூண்டினார். அகப்பட்டால் குற்றவாளி அவளே, அவர் அல்லர். பிழை விதியில் இருக்கும்போது, திருத்தவேண்டியது விதியை; பெட்டியையோ பெயரையோ உண்மையையோ அன்று. அவள் உள்ளதைச் சொல்லி மனுக் கொடுத்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மறுமொழி வந்திருக்கிறது. மருந்து தீர்ந்த அன்று திரவியம் நீட்டிய பணத்தை அமலோற்பவம் கடனென்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அக்கடனைத் திருப்பித் தர வேண்டியவள் அவளல்லள்; தொகையை நிறுத்தியவர்கள்.