கருவாட்டுக்காரி கேட்ட வெயில்

அந்தக் காலத்தில் பறவைகள் ஊருக்கு ஊர் சேதி கொண்டுபோகும். கூப்பிட்டால் பூமியும் பதில் சொல்வாள். ஆனால் அசைய மாட்டாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தவள் படுத்தவள்தான். சூரியனைப் பார்த்த பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இருட்டு. மழை என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

பகல் பக்கத்துக் கடற்கரையில் சந்தனமாரி கருவாடு போட்டுப் பிழைத்தாள். மீனைக் கீறி, உப்பு வைத்து, மணலில் விரித்து, அவ்வப்போது புரட்டினால் போதும். அண்ணாந்து பார்க்கிற வேலையே கிடையாது. நல்ல மீன்பாடு உள்ள இடம் என்று நம்பி, ஒரே மகள் பூரணியை இருட்டுப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

ஒருமுறை ஆலாப் பறவை வந்து இறங்கியது.

“யக்கா, உம்மக நிறைமாசம். அங்க தண்ணியெல்லாம் கல்லாக் கிடக்கு. போன பிள்ள மாதிரி இதுவும் குளிர்ல போயிரும்னு அழுதா.”

“என்ன கேட்டா?”

“வெயில் கேட்டா.”

“வெயில பொட்டலமாவா கட்டிக் குடுக்க?”

“நானும் அதத்தான் சொன்னேன்.”

சந்தனமாரி, புரட்ட மறந்துபோன ஒரு வாளை மீனை எடுத்துவந்து மணலைத் தட்டினாள்.

“ஆத்தா!”

“என்னட்டி?”

“இதப் பாரு. மேல கருகிட்டு, அடியில புழுத்துட்டு. புரட்டாமக் கிடந்தா மீனுக்கே இந்தக் கதி. நீ எத்தன காலமா இப்படிக் கிடக்க?”

“முதுகு விறைச்சுத்தான் கிடக்கு,” என்றாள் பூமி.

“அப்பப் புரளு.”

“புரண்டா உன் வெயில் போயிரும். காத்து வரும், இன்னும் என்னெல்லாம் வருமோ எனக்கே தெரியாது. ஆரம்பிச்சா நிறுத்தவும் வராது. பிழைப்ப யோசிச்சுக்கோட்டி.”

சந்தனமாரி கரையைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் அவள் மீன், பாதி காய்ந்தபடி.

“போனாப் போகுது. புரளு.”

பூமி சாய்ந்த சாய்வு மாறாமல் மெல்லப் புரண்டாள். நின்ற இடத்தில் நின்ற சூரியன் மேற்கே இறங்கியது. சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் கலந்ததில் காற்று எழுந்தது; காற்று மேகத்தைத் தள்ளிவந்தது. முதல் மழை, சந்தனமாரியின் கருவாட்டின் மேல்தான் பெய்தது. கையில் கிடைத்த பாயால் மூடினாள். பாதிக்கு மேல் போயிற்று.

சூரியன் திரும்ப வந்தபோது ஆலாவும் வந்தது.

“யக்கா, அங்க பொழுது வெளுத்துட்டு! பொட்டப்பிள்ள. எண்ண தேச்சு வெயில்ல கிடத்தியிருக்கா.”

சந்தனமாரி நனைந்த மீனைப் புரட்டிப் போட்டாள்.

அன்று முதல்தான் பூமி நிற்காமல் சுற்றுகிறாள். கருவாடு போடும் பெண்களும் பொழுது சாய்ந்தால் மீனை அள்ளிப் பாயால் மூடுகிறார்கள். மழை வந்து கெடுத்தால் வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். பூமியை மட்டும் ஒரு சொல் சொல்வதில்லை. கேட்டு வாங்கியவள் அவர்களில் ஒருத்தி.