செல்வக்கனி வச்ச கஞ்சி

மெஸ் மூடிட்டா அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு லேடீஸ் ஹாஸ்டல்ல ரூல். காய்ச்சல்ல கெடந்த ஜெபமலருக்காக அத மீறி கஞ்சி வச்சுட்டா சமையல்கார செல்வக்கனி. வார்டன் தில்லைநாயகி மேடம் காலேஜுல அமெரிக்க அரசியல் சட்டம் நடத்துற மேதையாச்சே. எல்லாரையும் மெஸ்ல கூட்டி வச்சு செல்வக்கனிய நக்கலா கேட்டாங்க: "நான் நடத்துற சட்டத்த ஒரே வரியில சொல்லு, வேலையில இரு. இல்லன்னா கெளம்பு."

"எங்க ஊர்ல கறிய கூறு போடுறவன் தன் பங்க கடைசியாத்தான் எடுப்பான் மேடம். எல்லாம் ஒரே கையில இருக்கக் கூடாது, அதான? இங்க ரூல் போட்டது நீங்க, புடிச்சது நீங்க, தீர்ப்பும் நீங்க."

மேடம் மொகம் சுருங்கிப்போச்சு. "அப்ப யாரு தீர்ப்பு சொல்றதாம்?"

"புள்ளைங்கள கேளுங்க."

செல்வக்கனி இருக்கட்டும்னு மொத்த மெஸ்ஸும் கை தூக்குச்சு. ஜெபமலரும் கையத் தூக்குனா. செல்வக்கனி அத மெல்லப் புடிச்சு எறக்கிவிட்டா.

"நீ கூடாது கண்ணு. நீ கஞ்சி குடிச்சவ."