விபூதி போட்டுத் துலக்கிய டாலர்

மடத்துக்கு வந்தபோது சாத்தப்பனின் கண்கள் சிவந்திருந்தன. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் வயல் போனால்கூட அழமாட்டார்கள். நாணயத்துக்கு அழுவார்கள்.

குரு அவரைவிட வயதில் சின்னவர். மதியச் சாப்பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, மன்னிக்கிறது எப்படி?"

"யாரை?"

"தெய்வானையைத்தான்."

தெய்வானை ஆச்சி அவருடைய மனைவி. ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆச்சி சமைத்ததை அவர் தொடுவதும் இல்லை. ஓட்டல் சாப்பாட்டில் வயிறு வேறு கெட்டுப்போயிருந்தது.

சட்டைப்பையிலிருந்து பட்டுத்துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். 1876-ஆம் வருடத்து அமெரிக்க வெள்ளி டாலர். பாதி ஆயுசு தேடிக் கிடைத்தது. அதில் ஒரு பெண் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கதிர்க்கட்டு. நெற்றியில் குங்குமம்.

"மகாலட்சுமின்னு நினைச்சுட்டா சாமி. முகம் கறுத்திருக்கேன்னு விபூதி போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, வெள்ளிக்கிழமை பூஜையில வச்சுட்டா."

குரு நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி, அது அமெரிக்காக்காரி."

"இருக்கட்டும். பளபளன்னு நல்லாத்தானே இருக்கு?"

சாத்தப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"அதனாலதான் போச்சு. அந்தக் கறுப்பு தானா வந்து படியணும். நூறு வருஷத்துக்கு மேல ஆகும். ஒரு தடவை தேய்ச்சுட்டா அவ்வளவுதான், எங்க ஆளுங்க ஒருத்தரும் சீந்தமாட்டாங்க."

"பார்க்க அசிங்கமா இருந்தாலுமா?"

"இருந்துட்டுப் போகட்டுமே. அப்படியே விட்டுவைக்கிறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

குரு இன்னொரு அவரைக்காயை எடுத்தார்.

"ஆச்சிக்கு இது தெரியாதே."

"அவளுக்கு எதுதான் தெரியும்? வந்த புதுசுல தெருவுக்கே கேக்கிற மாதிரி சிரிப்பா. நிறுத்தினேன். அடுப்படியில பாடிக்கிட்டே இருப்பா. அதையும் நிறுத்தினேன். போற வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கதை பேசுவா. இப்ப வாயே திறக்கிறதில்லை. கல்யாணம் ஆன நாளா உக்காந்து திருத்தியிருக்கேன் சாமி. அப்படியும் இப்படிப் பண்ணிட்டாளே."

குரு அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்துவைத்தார். நாணயத்தைத் துணியில் சுற்றிச் சாத்தப்பனின் கையில் கொடுத்தார்.

"மன்னிக்கிறது எப்படின்னு ஆச்சிகிட்டயே கேளுங்க செட்டியாரே. தன்னைத் தேய்ச்ச கைக்கு இத்தனை வருஷமா சோறு போட்டிருக்காங்க."